சேறு படாத பாதம்

மாலையில் கோட்டைக் கதவு திறந்து, போருக்குப் போன ஆட்கள் உள்ளே வரும்போது, "பயந்து ஓடி வந்தேன்" என்று ஒருவனாவது சொல்லி எங்கள் ஊர் பெரைனாவில் யாரும் கேட்டதில்லை. "அவனுக்குப் பக்கத்துல ஒரு தெய்வம் நின்னுச்சு, அதான் விலகிட்டேன்" என்பார்கள். மற்றவர்களுக்கு இது சாக்காகத் தோன்றலாம். சாக்கு இல்லை. சொல்பவன் மனதார நம்பித்தான் சொல்கிறான். கேட்பவர்களும் நம்புகிறார்கள். மனிதனுக்குப் பின்வாங்கினால் இழுக்கு. தெய்வத்துக்குப் பின்வாங்கினால் அது அறிவு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முகாமிட்டிருந்த எதிரிகளுக்கும் இதே வழக்கம்தான். அவர்களும் நாங்களும் ஒரே கோட்டைத் தேவியைத்தான் கும்பிடுகிறோம்.

தோரிப்பே இந்தக் கதைகளைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவள் அப்பா திராசோன் தேரோட்டி. தேர்கள் திரும்பி வந்ததும் நுகத்தை அவிழ்த்து, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, வியர்வையை வைக்கோலால் துடைப்பது மகள் வேலை. துடைத்துக்கொண்டே கேட்பாள். மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்ட இடத்தில் அவள் ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தாள். தெய்வம் ஒருமுறைகூடத் தன் உருவில் வந்ததில்லை. நண்பனாக, தூதுவனாக, கிழ மாமனாக, எப்போதும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஆளாகத்தான் வந்தது. வந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் ஏதோ ஒன்று இடித்தது: நடை வேறாக இருந்தது, கழுத்து வேறாக இருந்தது, அந்த ஆளே அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தான். இடித்ததும் ஒருவன்கூட "வேஷக்காரன், பிடி" என்று கத்தவில்லை. எல்லோரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவள் அப்பா இறந்த மறுநாள் இந்தக் கணக்கு அவளுக்குத் தேவைப்பட்டது.

தேரில் இருவர் நிற்பார்கள். வீரனுக்குக் கேடயம் உண்டு. தேரோட்டிக்கு இரண்டு கையிலும் கடிவாள வார், அவனால் எதையும் தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால் முதல் ஈட்டி எப்போதும் தேரோட்டிக்குத்தான். திராசோனுக்கும் அப்படித்தான் ஆனது. குதிரைகள் கட்டறுந்து ஓட, தேர் எதிரிப் பக்கத்து ஆற்றங்கரையில் குடைசாய்ந்தது. அவர் தேரில் நின்ற வீரனும் அங்கேயே விழுந்தான். அந்த வீரனின் உடலுக்காக எங்கள் ஆட்கள் மதியம் முழுக்கச் சண்டை போட்டு இழுத்து வந்தார்கள். தேரோட்டியின் உடல் அங்கேயே கிடந்தது.

சாதாரணமாக மறுநாள் தூதுவன் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இந்த முறை கொடுக்கவில்லை. எதிரித் தலைவன் லிக்காரெதோஸின் தம்பி, திராசோன் ஓட்டிய தேரின் சக்கரத்தடியில் நசுங்கிச் செத்திருந்தான். ஈட்டியால் செத்தவனுக்குப் பாட்டு கட்டுவார்கள். சக்கரத்தடியில் செத்தவனுக்குப் பாட்டு கிடையாது; ஓடும்போது மாட்டிக்கொண்டான் என்றுதான் பேசுவார்கள். அந்த அவமானத்தில் லிக்காரெதோஸ், "அந்தத் தேரோட்டியோட உடம்பு நாய்களுக்குத்தான்" என்று ஆணையிட்டுவிட்டான்.

எரிக்கப்படாதவனின் ஆவி செத்தவர்களோடு சேர முடியாது. வெளியிலேயே அலையும். தோரிப்பே ஊர்த் தலைவர் முன் போய் நின்றாள்.

"உங்கப்பன் நல்ல மனுஷன்மா, நான் இல்லேங்கல," என்றார் அவர். "ஆனா ஒரு தேரோட்டிக்காக இன்னும் ஆளை அனுப்பி, அவங்களுக்கும் சேத்து விறகு அடுக்கச் சொல்றியா?"

"அனுப்ப வேணாம் ஐயா. நான் கேட்டேன், நீங்க முடியாதுன்னுட்டீங்க. அது போதும்," என்று சொல்லிவிட்டு நேராகக் குதிரை லாயத்துக்குப் போனாள்.

அங்கே மிக்கோஸ் இருந்தார். திராசோனின் தம்பி, அவளுக்குச் சித்தப்பா. குதிரையிடம் உதைபட்டு முழங்கால் போனதிலிருந்து லாயத்தைப் பார்த்துக்கொள்கிறார். தேவியாகப் போய் அப்பாவைக் கொண்டுவரப்போவதாக அவள் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டார்.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு."

"புடிக்கல சித்தப்பா. அந்த நீளக் கயித்த எடுத்து வைங்க."

"சரி, தேவியாத்தான் போறேங்கிற. அப்பக் கோயில்ல தேவியோட தலைக்கவசம் இருக்கு, பெரிய ஈட்டி இருக்கு. பூசாரியம்மாகிட்ட நான் பேசுறேன். தகதகன்னு போய் நில்லு, அம்புட்டுப் பேரும் ஓடிருவானுங்க."

"ஓட மாட்டாங்க. சிரிப்பாங்க. தேவி தேவியாவே வந்து யாரு பாத்திருக்காங்க? நீங்க பாத்தீங்களா?"

"நான் குதிரைச் சாணி அள்ளுறவன். எனக்கு எதுக்குடி அவ வந்து காட்சி குடுக்கப்போறா?"

"பாத்தேன்னு சொன்னவங்க சொன்னதச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் வேற யாராவதாத்தானே வந்தா? அதனால தேவி வேஷம் போட்டா மனுஷின்னு தெரிஞ்சிரும். மனுஷன் வேஷம் போடணும். அந்த வேஷம் கலையணும். அப்பத்தான் உள்ள இருக்கிறது தேவின்னு நம்புவாங்க."

மிக்கோஸ் குனிந்து சீப்பை எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நீ மாட்டிக்கணும்னே போற?"

"ஆமா. மாட்டிக்கணும். ஆனா அப்பா பக்கத்துல போய் நின்ன பெறகு மாட்டிக்கணும். அதுக்கு முன்னால மாட்டினா கல்லால அடிச்சுக் கொல்லுவாங்க."

"இதச் சிரிக்காமச் சொல்ற பாரு. அப்படியே எங்கண்ணன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைத் தேடப் போனார்.

யாராகப் போவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எதிரிகளின் தூதுவன் மிம்னெஸ், மாதத்தில் பாதி நாள் எங்கள் வாசலில்தான் நிற்பான். ஒல்லி, உயரம், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, உடம்பை முழுக்க மூடிய பழுப்புப் போர்வை. ஆலிவ் மரக் கோலின் நுனியில் சிவப்பு நூல் சுற்றியிருப்பான். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கேட்பவனுக்குக் காது கேட்காது என்பதுபோல இழுத்து இழுத்துப் பேசுவான். தோரிப்பே அவனுக்குப் பலமுறை தண்ணீர் கொடுத்திருக்கிறாள். உயரமும் அவள் உயரம்தான்; அதே மாதிரித் தொப்பி, போர்வை, கோல் மட்டும் தேடி எடுத்துக்கொண்டாள். இன்னொரு வசதி, தூதுவன் மேல் இரு பக்கத்திலும் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் நடந்து போனால் "எங்கே போகிறாய்" என்று கேட்பதுகூட அநாகரிகம்.

வேஷம் கலைய வேண்டிய இடத்தை அவள் நெடுநேரம் யோசித்தாள். முந்தின இரவு மழை. முகாம் முழுக்கக் கெண்டைக்கால் வரை சேறு. அந்தச் சேற்றில் காலில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் ஒருவர் நின்றால்? அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரை வழியாகப் போகாமல் ஆற்றுக்குள்ளேயே இறங்கி, ஆழமில்லாத ஓரமாக நடந்து போனால், அப்பா கிடக்கும் கூழாங்கல் திட்டில் நேராக ஏறிவிடலாம். தண்ணீரே காலைக் கழுவிவிடும். செருப்பு வேண்டாம். நகத்தை வெட்டி, பாதத்தில் ஆலிவ் எண்ணெய் தேய்த்தாள். எண்ணெய் தேய்த்த தோலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், தங்காது.

சூரியன் நன்றாக ஏறியதும் கிளம்பினாள். அந்த நேரத்தில் நிஜ மிம்னெஸ், தலைவனுடைய கூடாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவும் அவளுக்குத் தேவையாக இருந்தது. மிக்கோஸ் எங்கள் கரையில் நாணல் மறைவில் ஒரு குதிரையோடும் கயிற்றோடும் நின்றார்.

உடலுக்குக் காவல் இருவர். மூத்தவன் கோமோன். இளையவன் மிர்தோஸ், வாய் ஓயாதவன். கவிழ்ந்த தேரின் நிழலில் உட்கார்ந்து பார்லி ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார்கள். திராசோன் கொஞ்சம் தள்ளி முகம் குப்புறக் கிடந்தார். முகாமில் எலும்பு தாராளமாகக் கிடந்ததால் நாய்கள் இதுவரை இந்தப் பக்கம் வரவில்லை.

"என்ன மிம்னெஸண்ணே, மீன் புடிக்கப் போனீங்களா? ஆத்துக்குள்ள இருந்து வர்றீங்க!" என்றான் மிர்தோஸ்.

தோரிப்பே நேராக அப்பாவின் அருகில் போய் நின்றாள். கோலைத் தோளில் சாய்த்தாள். தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு இழுத்துப் பேசினாள்.

"தேரோட தளத்தக் கழட்டுங்க. இவரை அதுல படுக்க வைங்க."

தேரின் தளம் மரச்சட்டத்தில் தோல் வாரைக் கட்டில்போலப் பின்னிச் செய்தது. குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். கழற்றினால் இரண்டு பேர் எளிதாகத் தூக்கலாம்.

"தலைவர் மனசு மாறிட்டாரா?" என்று கோமோன் எழுந்தான். "நல்லதாப் போச்சு. நாத்தம் தொடங்குறதுக்கு முன்ன..."

"என்னண்ணே குரல் கம்மிப் போச்சு? அம்புட்டையும் கத்தியே தீத்துட்டீங்களா?" மிர்தோஸ் சிரித்துக்கொண்டே சட்டத்தின் ஆணியைப் பிடுங்கினான். தளம் விடுபட்டது. இருவரும் திராசோனைப் புரட்டி அதில் வைத்தார்கள். தளம் சாயப் பார்க்க, தோரிப்பே குனிந்து ஓரத்தைத் தாங்கிப் பிடித்தாள். உடைந்த மரச் சிராய் அவள் உள்ளங்கையைக் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். குனிந்தபோது அப்பாவின் முகம் பக்கத்தில் இருந்தது. தாடியில் மணல். அவள் அதைத் தட்டிவிடவில்லை. தூதுவன் தட்டிவிட மாட்டான்.

"ஒரு நிமிஷம்," என்றான் கோமோன். ரொட்டித் துண்டு இன்னும் கையில் இருந்தது. "இந்த ரொட்டிய வாங்க நான் இப்பத்தான் தலைவர் கூடாரத்துக்குப் போயிட்டு வந்தேன். அங்க மிம்னெஸ் ஆட்டுக்கால் கடிச்சிட்டு இருந்தாரு."

"அதான் இங்க நிக்கிறாரே."

"அதத்தான் சொல்றேன்."

மிர்தோஸின் கை ஈட்டிப் பக்கம் போனது. வேறு ஊராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தோரிப்பே நகரவில்லை. நகர்ந்தால் மனுஷி. கோமோனின் பார்வை தொப்பியிலிருந்து மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாடி மயிர் இல்லாத தொண்டை. சிவப்பு நூல். போர்வை விளிம்பு. பாதம்.

"டேய். ஈட்டிய விடு," என்றான் கோமோன். "கால பாரு. சேறும் இல்ல, ஈரமும் இல்ல."

"காலுல என்ன... அம்மாடி."

"நிமிராத. மூஞ்சியப் பாக்காத. தூக்குடா, சொன்னதச் செய்."

"பொம்பளக் குரல்ணே. அப்பவே நெனச்சேன்."

"அப்பவே நெனச்சவன்தான் மீன் புடிக்கப் போனீங்களான்னு கேட்டியா? தாயே, சின்னப் பய, மன்னிச்சிரு!"

இருவரும் தளத்தைத் தூக்கினார்கள். ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கிய நேரத்தில் தேர்ச்சத்தம் கேட்டது. லிக்காரெதோஸ், பின்னால் ஏழெட்டு ஆட்கள். தூரத்திலிருந்து உடல் தூக்கப்படுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அகன்ற தோள், தூங்காத கண், தம்பிக்காக வெட்டிக்கொண்ட தலைமயிர். தேரிலிருந்து குதித்து ஈட்டியோடு வந்தான். காவலர் இருவரும் தளத்தை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டார்கள். கோமோன் கூவினான்: "தலைவரே, கிட்ட வராதீங்க! தேவி!"

லிக்காரெதோஸ் நின்றான். எங்கள் போர்களில் ஈட்டி எறிவதற்கு முன் கேட்டாக வேண்டிய ஒரு கேள்வி உண்டு. கேட்காமல் எறிந்து, எதிரே நின்றது தெய்வமாக இருந்துவிட்டால் குலம் அழியும். அவன் அதைக் கேட்டான்.

"யார் நீ? மனுஷப் பிறவின்னா அப்பன் பேரைச் சொல்லு. தெய்வம்னா அதையும் சொல்லிரு. நான் தெய்வத்தோட மோத மாட்டேன்."

இதற்கு அவள் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மிம்னெஸின் தகப்பன் பெயர். ஆனால் அவள் கை அப்பாவின் கணுக்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவரை வைத்துக்கொண்டு இன்னொருவனை அப்பன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"நான் தேரோட்டி திராசோன் மக," என்றாள் தன் சொந்தக் குரலில். "இவரை எரிக்கக் கொண்டுபோறேன்."

ஆட்கள் நடுவே ஒரு முணுமுணுப்பு ஓடியது. மிர்தோஸ் தலை நிமிராமலே பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "பாத்தியா, யாரோ மகங்கிறா. எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க." அது சரிதான். தெய்வங்கள் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டால் யாராவது ஒரு மனிதனின் பெயரைத்தான் அப்பன் பெயராகச் சொல்லும். அவள் சொன்ன உண்மையைப் போல ஒரு பொய் அந்த இடத்துக்குப் பொருந்தியிருக்காது. ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள்.

லிக்காரெதோஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவன் பார்வை அவள் கையில் இருந்தது. உள்ளங்கைக் காயத்திலிருந்து ரத்தம் விரலோரமாக வழிந்து, கூழாங்கல்லில் சொட்டியது. சிவப்பு. தெய்வத்தின் உடம்பில் ஓடுவது அது இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். அவன் இரண்டு அடி முன்னால் வந்து, தன் அகன்ற முதுகால் மற்றவர்களுக்கு அவளை மறைத்துக்கொண்டு நின்றான். ஈட்டி முனை அவள் இடுப்புக்கு நேராக இருந்தது.

"அப்ப நீ நெஜமாவே அவன் மகதான்," என்றான் தாழ்ந்த குரலில்.

"ஆமா."

"பயமில்லையா?"

"இருக்கு. அப்பாவக் குடுங்க. பெறகு கொல்லணும்னா கொல்லுங்க."

"எந்தம்பி சக்கரத்தடியில கெடந்தான். ஓடுனான்னு பேசிக்கிறாங்க. எம் முன்னால இல்ல, முதுகுக்குப் பின்னால."

"ஓடல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மதில் மேல நின்னு அப்பா தேரையே பாத்துட்டிருந்தேன். எதிர்லதான் வந்தாரு. ஈட்டிய வீசிட்டு, வெறுங்கையோட தாவி வலப்பக்கத்துக் குதிரையோட கடிவாளத்தப் புடிச்சாரு. புடி நழுவிருச்சு. அதுக்குள்ள எங்கப்பா மேலயும் ஈட்டி பாஞ்சிருச்சு, தேரை நிறுத்த கை இல்ல."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். அவள் அவனுக்காகக் கட்டிச் சொல்லவில்லை. ஓடும் குதிரையின் வாயருகே பாய்கிறவனைத் தேரோட்டி வீட்டில் பிறந்த யாரும் மறக்க மாட்டார்கள். அது அவ்வளவு துணிச்சலான, அவ்வளவு முட்டாள்தனமான காரியம்.

"போர்வைக்குள்ள கைய விடு," என்றான் லிக்காரெதோஸ். "இப்பச் சொன்னத இவனுங்களுக்குக் கேக்குற மாதிரிச் சொல்லு."

தோரிப்பே கையை மறைத்தாள். அவன் விலகி நின்றான். அவள் கோலை உயர்த்தி, ஆறு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: லிக்காரெதோஸின் தம்பி முதுகு காட்டவில்லை, ஈட்டியை வீசிவிட்டு வெறுங்கையால் ஓடும் தேரை நிறுத்தப் பாய்ந்தான், எதிரே நின்று செத்தான். ஒரு பெண் மதிலிலிருந்து பார்த்ததாகச் சொல்லியிருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்? இப்போது ஒவ்வொருவனும் அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். அன்று மாலைக்குள் அதற்கு ஒரு பாட்டு வந்துவிடும்.

லிக்காரெதோஸ் ஈட்டியைத் தரையில் ஊன்றினான். முகத்தை ஒரு கையால் அழுத்தித் துடைத்தான்.

"தேவி கேட்டா நான் யாரு மறுக்குறதுக்கு?" என்றான் உரக்க. "என் ஆணை மனுஷங்களுக்கு. கோமோன், மிர்தோஸ், தூக்குங்கடா. தண்ணிவரைக்கும். கீழ போட்டீங்க, தோலை உரிச்சிருவேன்."

அவர்கள் இடுப்பளவுத் தண்ணீர்வரை கொண்டுபோனார்கள். அதற்கு மேல் அவர்களைக் கூட்டிப்போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் பக்கத்தில் கயிற்றோடு நிற்கும் நொண்டிச் சித்தப்பாவைப் பார்த்தால் எந்த நம்பிக்கையும் கரைந்துவிடும்.

"விட்டுட்டுத் திரும்புங்க. யாரும் இந்தப் பக்கம் பாக்கக் கூடாது," என்றாள்.

அதைச் சொல்லவே தேவையில்லை. தெய்வம் கிளம்பும்போது பார்ப்பவனுக்குக் கண் போகும். முகாம் மொத்தமும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. லிக்காரெதோஸும் திரும்பிக்கொண்டான், எல்லோரையும்விட மெதுவாக.

பிறகு அவள் தனியாக இழுத்தாள். மரச்சட்டம் பாதி மிதந்தது, பாதி மூழ்கியது. ஆனால் மனித உடம்பின் கனத்தில் பெரும் பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அதை நம்பித்தான் வந்திருந்தாள். அவள் கணக்கில் வராதது நீரோட்டம். மழைத் தண்ணீர் நடு ஆற்றில் சட்டத்தைப் பிடித்துத் திருகியது. தொப்பி போனது. கோல் போனது. போர்வை காலைச் சுற்ற, அதையும் உதறிவிட்டாள். காயம்பட்ட கையை வார்ப் பின்னலுக்குள் மணிக்கட்டுவரை நுழைத்துக்கொண்டாள். இனி அப்பா போனால் அவளும் போவாள்.

நாணலுக்கு முன்னால் மிக்கோஸ் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். நீச்சல் தெரியாதவர்.

"தோரி! கயிறு!"

முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவது அவள் தோளில் விழுந்தது. பல்லால் பிடித்து, சட்டத்தின் மூலையில் சுற்றி, தேரோட்டிகள் நுகத்தில் போடும் முடிச்சைப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது.

"கைய எடுத்துரு புள்ள! கயிறு தாங்கிக்கும், நீ கரைக்கு வா!"

"எடுக்க மாட்டேன். குதிரைய நடத்துங்க சித்தப்பா."

"கை முறிஞ்சிரும்டி!"

"முறியட்டும். நடத்துங்க."

அவர் கரையேறி, கயிற்றின் மறுமுனை கட்டியிருந்த குதிரையின் கழுத்தில் தட்டினார். கயிறு தண்ணீரிலிருந்து விறைத்து எழுந்தது. குதிரை ஒரு அடி வைத்தது, பிறகு இன்னொரு அடி.